கடற்காகமும் ஸ்பிட்ஃபயரும்

ஒரு பழைய திரைப்படம் சொன்னதும் சொல்லாததும்

விமானங்களைப் பற்றி எடுக்கப்பட்ட திரைப்படங்களுள், 1942-இல் வெளிவந்த 'தி ஃபர்ஸ்ட் ஆஃப் தி ஃபியூ' என்னும் ஆங்கிலப் படத்துக்குத் தனி இடம் உண்டு. ஸ்பிட்ஃபயர் என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் போர் விமானத்தை வடிவமைத்த ரெஜினால்ட் மிட்செலின் வாழ்க்கையே அதன் கதை. லெஸ்லி ஹோவர்ட் என்ற நடிகர் தாமே தயாரித்து, இயக்கி, மிட்செலாகவும் நடித்தார். அவருடைய நண்பரான விமானியாக டேவிட் நிவன் நடித்தார். இசையமைத்தவர் வில்லியம் வால்ட்டன். அவர் இப்படத்துக்காக எழுதிய இசைப் பகுதி இன்றும் அரங்குகளில் தனியே வாசிக்கப்படுகிறது. படம் வெளிவந்த மறு ஆண்டே, 1943 ஜூன் 1-ஆம் நாள், லிஸ்பனிலிருந்து பிரிட்டன் திரும்பும் வழியில் ஹோவர்ட் பயணம் செய்த விமானம் ஜெர்மானிய விமானங்களால் சுடப்பட்டு பிஸ்கே வளைகுடாவில் வீழ்ந்தது. அதனால் இப்படத்தைப் பார்ப்பவர் மனத்தில் இரட்டைத் துயரம் படிவது இயல்பே.

அத்தகைய படத்தைக் குறை கூறுவது எளிதன்று. ஆயினும் ஓர் இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில், இந்தப் படம் அறிவியலைப் பற்றி எதைக் கற்பிக்கிறது என்று ஆராய்வது என் கடமை எனக் கருதுகிறேன். மிட்செலைப் பற்றியும் ஸ்பிட்ஃபயரைப் பற்றியும் இன்று பொதுமக்களிடம் உலவும் கதைகளுள் பலவற்றுக்கு இந்தப் படமே ஊற்றுக்கண்.

படம் சொல்லும் கதை

படத்தின் தொடக்கப் பகுதியில் மிட்செல் கடற்கரைக் குன்றில் அமர்ந்து கடற்காகங்கள் பறப்பதை உற்று நோக்குகிறார். இறக்கை, உடல், வால் எல்லாம் ஒன்றாய் இழைந்த அந்தப் பறவையைப் போல ஒரு விமானம் வேண்டும் என்று கனவு காண்கிறார். கம்பிகளும் கட்டைகளும் பிணைத்த இரட்டை இறக்கை விமானங்களைச் செய்துவந்த காலம் அது. மேலதிகாரிகள் தயங்குகிறார்கள், மிட்செல் விடாப்பிடியாக நின்று வெல்கிறார். கடல் விமானங்களுக்கான ஷ்னைடர் கோப்பைப் பந்தயங்களில் அவருடைய விமானங்கள் வாகை சூடுகின்றன. பிறகு ஜெர்மனிக்குச் செல்கிறார். அங்கே விமான வடிவமைப்பாளர் மெஸ்ஸர்ஷ்மிட்டைச் சந்திக்கிறார். போர் வரப்போகிறது என்று உணர்கிறார். ஓய்வெடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்தும் கேளாமல் இரவு பகலாக உழைத்து ஸ்பிட்ஃபயரைப் படைக்கிறார். அரசு அதை ஏற்றுக்கொண்டது என்ற செய்தி வந்ததும் உயிர் துறக்கிறார்.

இதில் உண்மை எவ்வளவு? ஷ்னைடர் கோப்பை வெற்றிகள் உண்மை. 1927, 1929, 1931 ஆகிய ஆண்டுகளில் சூப்பர்மரைன் நிறுவனத்தில் மிட்செல் தலைமையில் உருவான விமானங்களே வென்றன. 1931 செப்டம்பரில் எஸ் 6 பி என்ற விமானம் மணிக்கு 407 மைல் (சுமார் 655 கிலோமீட்டர்) வேகத்தை எட்டி உலக சாதனை நிகழ்த்தியது. ஆனால் மெஸ்ஸர்ஷ்மிட் சந்திப்பு கற்பனை. மிட்செல் மிகை உழைப்பால் இறக்கவில்லை, புற்றுநோயால் இறந்தார். 1933-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவர், அதன் பிறகும் வேலையைத் தொடர்ந்ததோடு, தாமே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். அந்த மன உறுதி படத்தில் வரும் கற்பனையைவிடப் பெரியது. 310 ஸ்பிட்ஃபயர்களுக்கான முதல் அரசாணை 1936 ஜூனில் வந்தது. அவர் மறைந்தது ஓராண்டு கழித்து, 1937 ஜூன் 11-ஆம் நாள். அப்போது அவருக்கு வயது 42.

திரைப்படம் என்றால் இப்படிச் சில மாற்றங்கள் இருக்கத்தான் செய்யும் என்று நீங்கள் கூறலாம். ஒப்புக்கொள்கிறேன். நாள்களை மாற்றியதும் நோயை மாற்றியதும் பெருங்குற்றம் அல்ல. என் மறுப்பு அடிப்படையான ஒன்றைப் பற்றியது. எங்கள் கல்லூரி இயற்பியல் மன்றத்தில் இப்படத்தைத் திரையிட்டபோது, நன்றாகப் படிக்கும் ஒரு மாணவர் படம் முடிந்ததும் சொன்னார்: "அதெல்லாம் பிறவியிலேயே வரணும் சார்." படம் அவருக்குக் கற்பித்த பாடம் அதுதான். அறிவியல் என்பது மேதை ஒருவரின் மனத்தில் மின்னலைப் போல் தோன்றும் காட்சி. மற்றவர்களுக்கு அதில் வேலை இல்லை. இந்தப் பாடம் பொய் என்பதை ஸ்பிட்ஃபயரின் உண்மை வரலாறே காட்டுகிறது.

விட்டுப்போன தோல்வி

மிட்செல் குழுவின் முதல் போர் விமானம் ஸ்பிட்ஃபயர் அன்று. பிரிட்டிஷ் விமானத்துறை அமைச்சகம் 'எஃப் 7/30' என்ற எண்ணில் புதிய போர் விமானத்துக்கான தேவைகளை வெளியிட்டது. அதற்காகச் சூப்பர்மரைன் உருவாக்கிய 'டைப் 224' என்ற விமானம் 1934 பிப்ரவரியில் பறந்தது. பறந்ததே தவிரத் தேறவில்லை. அதன் இறக்கை தடித்தது; சக்கரங்கள் உள்ளே மடங்காமல் எப்போதும் வெளியே தொங்கின; உச்ச வேகம் மணிக்கு 228 மைல்தான்.

அதன் குளிர்விக்கும் முறை, இயற்பியல் மாணவருக்கு நல்ல பாடம். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை ஆவியாக விட்டு, அந்த ஆவியை இறக்கையின் முன்விளிம்பில் மீண்டும் நீராக்கி, எஞ்சினுக்குத் திருப்பி அனுப்புவது திட்டம். ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் மிகுதி. ஆகவே குறைந்த நீரே போதும். தாளில் அருமையான யோசனை. ஆனால் குளிர்ந்து திரும்பிய நீரும் கொதிநிலைக்கு அருகிலேயே இருந்தது. பம்பு அதை உறிஞ்சும் இடத்தில் அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் அது மறுபடி ஆவியாயிற்று, பம்பு செயலிழந்தது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம் அல்லவா? அந்த விதிதான் தடையாக நின்றது. முடிவில் அரசு ஏற்றது கிளாஸ்டர் நிறுவனத்தின் கிளேடியேட்டர் என்ற இரட்டை இறக்கை விமானத்தை.

படத்தில் டைப் 224-க்கு இடமே இல்லை. பந்தய விமானத்திலிருந்து ஸ்பிட்ஃபயருக்குக் கதை நேரே தாவிவிடுகிறது. ஆனால் டைப் 224 எங்கெங்கே தவறியது என்று கண்டறிந்து ஒவ்வொன்றாக மாற்றியதன் பயனே ஸ்பிட்ஃபயர். மெல்லிய இறக்கை, மடங்கும் சக்கரங்கள், மூடிய விமானி அறை, ரோல்ஸ்-ராய்ஸின் புதிய மெர்லின் எஞ்சின் ஆகியவை அடுத்தடுத்த வரைபடங்களில்தான் சேர்ந்தன. தோல்வியை வெட்டிவிட்ட படம், கற்கும் முறையையும் சேர்த்தே வெட்டிவிட்டது.

எதற்காக இந்த விமானம்?

இனி மிக முக்கியமான குறைக்கு வருவோம். ஒரு கருவியை மதிப்பிட வேண்டுமானால், அது எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். படம் இதைக் கேட்கவே இல்லை.

1917 ஜூன் 13-ஆம் நாள் ஜெர்மனியின் கோத்தா விமானங்கள் பட்டப்பகலில் லண்டன் மீது குண்டு வீசின. 162 பேர் மாண்டனர். அன்று தொடங்கி பிரிட்டனின் போர் விமானத்துக்கு முதன்மையான நோக்கம் ஒன்றாயிற்று: வரும் குண்டுவீச்சு விமானத்தை இலக்கை அடையுமுன் தடுப்பது. அது இயலாத காரியம் என்றே பலர் நம்பினர். முன்னும் பின்னும் பிரதமராக இருந்த ஸ்டான்லி பால்ட்வின், 1932-இல் பாராளுமன்றத்தில் பேசும்போது, எவ்வளவு தடுத்தாலும் குண்டுவீச்சு விமானம் ஊடுருவியே தீரும் என்றார். அவர் கோழைத்தனத்தால் அப்படிச் சொல்லவில்லை. அன்றைய கணக்கு அப்படி இருந்தது.

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். எதிரி விமானம் 20,000 அடி (சுமார் 6,100 மீட்டர்) உயரத்தில், மணிக்கு 200 மைல் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். ஒரு நிமிடத்துக்கு 3.3 மைல். பிரான்சுக்கும் டோவருக்கும் இடையே கடலின் அகலம் 21 மைல். அதைக் கடக்க 6 நிமிடம் போதும். தரையில் நிற்கும் ஸ்பிட்ஃபயர் அந்த உயரத்தை எட்ட ஏறக்குறைய 8 நிமிடம் ஆகும். அதற்குள் எதிரி 26 மைல் வந்துவிடுவான். விமானிகள் ஓடிவந்து ஏற ஆகும் நேரத்தையும் சேர்த்தால், எதிரியைக் கண்ணால் கண்டபின் புறப்படுவது வீண். எப்போதும் வானிலேயே காவல் சுற்றலாம் என்றால், எரிபொருள் ஒன்றரை மணி நேரத்துக்குமேல் தாங்காது.

ஆகவே இந்த விமானத்துக்கு நேர்வேகத்தைப் போலவே ஏறும் வேகமும் உயிர்நாடி. ஸ்பிட்ஃபயரின் எடை சுமார் 2,700 கிலோகிராம். அதை 6,100 மீட்டர் உயர்த்தச் செய்ய வேண்டிய வேலை 2,700 x 9.8 x 6,100. அதாவது ஏறக்குறைய 16 கோடி ஜூல். இதை 480 வினாடிகளால் வகுத்தால் 336 கிலோவாட். சுமார் 450 குதிரைத்திறன். மெர்லின் எஞ்சின் தந்தது ஏறக்குறைய 1,000 குதிரைத்திறன். பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு மேலே தூக்குவதற்கே செலவாயிற்று. எஞ்சியது காற்றின் தடையை வெல்லவும் சுழல்விசிறியின் இழப்பிலும் போயிற்று. எடையில் ஒவ்வொரு கிலோவும், தடையில் ஒவ்வொரு சிறு புடைப்பும் வடிவமைப்பாளரைத் தூங்கவிடாமல் செய்தது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா? கடற்காகத்துக்கு இந்த நெருக்கடி இல்லை.

எட்டுத் துப்பாக்கிகளும் ஒரு சிறுமியும்

எதிரியை நெருங்கிவிட்டாலும் சுடுவதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? வேகம் கூடக் கூட, எதிரி குறிக்குள் நிற்கும் நேரம் குறைகிறது. ஏறக்குறைய 2 வினாடி என்று வல்லுநர்கள் கணித்தனர். அந்த 2 வினாடிக்குள் ஓர் உலோக விமானத்தை வீழ்த்த எத்தனை குண்டுகள் பாய வேண்டும்? அதுவரை போர் விமானங்களில் இரண்டு துப்பாக்கிகளே வழக்கம், கிளேடியேட்டரில் நான்கு. எட்டு வேண்டும் என்று ரால்ஃப் சார்லி என்ற அதிகாரி வாதாடினார். அமைச்சகத்தில் பணியாற்றிய கேப்டன் ஃபிரெட் ஹில் என்ற ஆயுத இயல் வல்லுநர் சோதனைத் தரவுகளைக் கொண்டு இதைக் கணித்தார். அந்தத் தரவுகளைத் தொகுத்துக் கணக்கிடவும் வரைபடங்கள் வரையவும் 1934-இல் அவருக்கு வீட்டில் துணை செய்தவர் அவருடைய 13 வயது மகள் ஹேசல். கணக்கில் கெட்டிக்காரியான அச்சிறுமி பின்னாளில் மருத்துவரானார்.

கணக்கு எளியது. ஒரு துப்பாக்கி நிமிடத்துக்கு 1,000 குண்டுகள் சுட்டால், எட்டுத் துப்பாக்கிகள் 2 வினாடியில் சுமார் 267 குண்டுகளைப் பொழியும். இரண்டு துப்பாக்கிகள் என்றால் 67 மட்டுமே, அது போதாது. பிரிட்டனின் போர் விமானங்களுக்கு எட்டுத் துப்பாக்கிகள் வந்தது இவ்வாறுதான். உங்கள் வகுப்பு மாணவர் எவரும் போடக்கூடிய கணக்கு இது.

இறக்கை யாருடையது?

ஸ்பிட்ஃபயரின் அழகு அதன் நீள்வட்ட இறக்கையில் இருக்கிறது. பறவையைப் பார்த்து வந்த வடிவம் அதுதான் என்று படம் பார்த்தவர்கள் நம்புகிறார்கள். உண்மையில் இந்த இறக்கையில் பெரும்பங்கு கனடா நாட்டவரான பெவர்லி ஷென்ஸ்டன் என்ற காற்றியக்கவியல் அறிஞருடையது. அவர் முன்பு ஜெர்மனியில் பணியாற்றியவர்.

இறக்கையின் அடியில் அழுத்தம் அதிகம், மேலே குறைவு. ஆகவே நுனியில் காற்று கீழிருந்து மேலாகச் சுருண்டு சுழல்கிறது. இந்தச் சுழல் விமானத்தைப் பின்னிழுக்கிறது. இறக்கையின் நீளவாக்கில் தூக்குவிசை நீள்வட்டப் பாங்கில் பரவியிருந்தால் இந்த இழுவை மிகக் குறையும் என்பது ஜெர்மன் அறிஞர் பிராண்டில் வகுத்த கொள்கையின் முடிவு. இது ஒரு காரணம். மற்றொரு காரணம் முழுக்க நடைமுறை சார்ந்தது. இறக்கை மெல்லியதாக இருக்க வேண்டும். ஆனால் அதற்குள் மடங்கும் சக்கரமும் துப்பாக்கிகளும் அடங்கவும் வேண்டும். நீள்வட்டம் நுனியை நெருங்கும்வரை அகலத்தை இழப்பதில்லை. ஆகவே உள்ளே இடம் கிடைத்தது. இறக்கை நீள்வட்டமோ வேறெதுவோ, துப்பாக்கிகளை மூடினால் சரி என்ற பொருளில் மிட்செல் பேசியதாக ஷென்ஸ்டன் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். குன்றின்மேல் கனவு காணும் கவிஞரைவிட, வேலையில் கண்ணாயிருந்த இந்தப் பொறியாளரையே எனக்குப் பிடிக்கிறது.

முதல் மாதிரி விமானம் 1936 மார்ச் 5-ஆம் நாள் ஈஸ்ட்லி திடலிலிருந்து எழும்பியது. பின்னர் சோதனையில் மணிக்கு 349 மைல் வேகத்தை எட்டியது. ஆயினும் நேரக் கணக்கு இன்னும் தீரவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். எதிரி வருவதை முன்கூட்டி அறியாவிட்டால் இத்தனை திறமையும் தரையிலேயே கிடக்கும்.

காணாததைக் கண்ட கண்

எதிரியை முன்னறிய முதலில் செவியை நம்பினார்கள். கென்ட் கடற்கரையில் 200 அடி நீளக் கான்கிரீட் சுவர் ஒன்றைக் குழிவாகக் கட்டி, எஞ்சின் ஒலியைக் குவித்துக் கேட்டார்கள். ஆனால் ஒலி ஒரு மைலைக் கடக்க ஏறக்குறைய 5 வினாடி ஆகும். 15 மைல் தொலைவிலிருந்து ஒலி வந்து சேர்வதற்குள் விமானம் 4 மைல் நகர்ந்துவிடும். விமானங்களின் வேகம் கூடியபோது இம்முறை பயனற்றுப்போனது.

1935-இல் விமானத்துறை, 'மரணக் கதிர்' ஒன்றால் எதிரி விமானியைக் கொல்ல முடியுமா என்று ராபர்ட் வாட்சன்-வாட் என்ற வானொலி அறிஞரைக் கேட்டது. அவர் கேள்வியைக் கணக்காக மாற்றித் தம் உதவியாளர் ஆர்னால்டு வில்கின்ஸிடம் கொடுத்தார். 5 கிலோமீட்டர் தொலைவிலும் 1 கிலோமீட்டர் உயரத்திலும் உள்ள 8 பைண்ட் நீரை 98 பாரன்ஹீட்டிலிருந்து 105 பாரன்ஹீட்டுக்குச் சூடாக்க எவ்வளவு வானொலி ஆற்றல் வேண்டும்? 8 பைண்ட் என்பது மனித உடலிலுள்ள இரத்தத்தின் அளவு என்பதை வில்கின்ஸ் உடனே புரிந்துகொண்டார். தேவைப்பட்ட ஆற்றலோ எட்டாத அளவு. மரணக் கதிர் நடவாது. ஆனால் விமானத்தில் பட்டுத் திரும்பும் அலையை உணர முடியும் என்றார் வில்கின்ஸ். சுமார் 50 மீட்டர் அலைநீளத்துக்கு அரை அலை 25 மீட்டர். அது குண்டுவீச்சு விமான இறக்கையின் நீளத்தை ஒட்டியது. இறக்கையே ஓர் ஏரியலாகி அலையைத் திருப்பி அனுப்பும்!

1935 பிப்ரவரி 26-ஆம் நாள் டாவென்ட்ரி என்ற ஊருக்கு அருகே, பி.பி.சி. வானொலி நிலையத்தின் அலைகளைக் கொண்டே இது மெய்ப்பிக்கப்பட்டது. ஹேஃபர்டு விமானம் சுமார் 8 மைல் தொலைவுவரை புலனாயிற்று. 1939-இல் போர் மூண்டபோது கடற்கரையோரம் ஏறக்குறைய 20 நிலையங்கள் தயாராயிருந்தன. ராடார் பிறந்த கதை இது.

அதோடும் முடியவில்லை. எதிரி இருக்குமிடம் தெரிந்தால், நம் விமானி எத்திசையில் பறக்க வேண்டும்? 1936-இல் பிகின் ஹில் தளத்தில் நடந்த சோதனைகளில் ஹென்றி டிசார்டு என்ற அறிஞர் இதற்கு எளிய வழி சொன்னார். எதிரியையும் நம் விமானத்தையும் ஒரு கோட்டால் இணையுங்கள். எதிரியின் பாதை அக்கோட்டோடு 40 பாகைக் கோணம் அமைத்தால், நம் விமானியும் அதே பக்கமாக 40 பாகையில் பறக்கட்டும். இருவர் வேகமும் சமமானால் இருசமபக்க முக்கோணத்தின் உச்சியில் சந்திப்பார்கள். நம் வேகம் கூடுதலானால் முன்னே சென்று காத்திருக்கலாம். அடிக்கோணங்கள் சமம் என்று நாம் மனப்பாடம் செய்யும் தேற்றம் ஒரு நகரைக் காத்தது.

இவற்றையெல்லாம் இணைத்தவர் போர் விமானப் படைப்பிரிவின் தலைவர் ஹியூ டவுடிங். கடற்கரை ராடார் நிலையங்களும், உள்நாட்டில் கண்ணாலும் செவியாலும் கண்காணித்த காவலர் படையும் தந்த செய்திகள் தொலைபேசி வழியாக ஒரே இடத்தில் சேர்ந்து சரிபார்க்கப்பட்டன. விமானப்படைப் பெண்கள் பெரிய வரைபட மேசைகளில் அவற்றைக் குறித்தனர். கட்டளை வானொலியில் விமானிக்குச் சென்றது. 1940-இல் வென்றது இந்த அமைப்பு. ஸ்பிட்ஃபயர் அதன் ஒரு முனை.

மறுமுனை ஹரிக்கேன். சிட்னி காம் வடிவமைத்த அவ்விமானம் வேகத்தில் பின்தங்கியது. பின்பகுதியில் துணி போர்த்தப்பட்டது. ஆனால் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் எளிது. 1940 கோடையில் எண்ணிக்கையில் மிகுந்திருந்ததும், எதிரி விமானங்களை அதிகம் வீழ்த்தியதும் அதுவே. மெர்லின் எஞ்சினுக்கும் ஒரு குறை இருந்தது. விமானம் மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால், கார்புரேட்டரில் எரிபொருள் மேலே எழும்பித் தாறுமாறாகப் பாய்ந்து எஞ்சின் திணறும். ஜெர்மானிய எஞ்சினில் எரிபொருளை நேரே பீய்ச்சும் முறை இருந்ததால் அவர்களுக்கு இத்தொல்லை இல்லை. 1941-இல் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தின் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங், தேவைக்கு மேல் எரிபொருள் பாயாதபடி துளையிட்ட சிறு உலோகத் துண்டு ஒன்றைக் குழாயில் பொருத்தி இதைப் பெரிதும் தணித்தார். ஷென்ஸ்டன், சார்லி, ஹில், வில்கின்ஸ், டிசார்டு, ஷில்லிங் என எத்தனை பேர்! கடற்காகம் இவர்கள் அனைவரையும் மறைத்துவிட்டது.

கேள்வி மாறினால்

நோக்கத்தை மறந்துவிட்டுக் கருவியை மட்டும் பார்ப்பதன் ஆபத்தை டிஃபையன்ட் என்ற விமானம் காட்டுகிறது. இதில் முன்னோக்கிச் சுடும் துப்பாக்கியே இல்லை. விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் நான்கு துப்பாக்கிகளும் ஒரு வீரரும் இருந்தனர். எதிரியின் குண்டுவீச்சு விமானங்கள் ஜெர்மனியிலிருந்து காவலின்றித்தான் வரும். அவ்வளவு தூரம் அவர்களுடைய போர் விமானங்கள் வர இயலாது என்ற கணக்கில் பிறந்தது அது. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. எதிரியின் போர் விமானங்கள் கால்வாயின் மறுகரைக்கே வந்துவிட்டன. ஜூலை 19-ஆம் நாள் ஒரு படையணி அனுப்பிய ஒன்பது டிஃபையன்டுகளில் ஆறு அழிந்தன. டிஃபையன்ட் வைத்திருந்த மற்றொரு படையணியின் எண் 264. அதன் அடைமொழி 'மெட்ராஸ் பிரசிடென்சி'. நம் பழைய சென்னை மாகாணத்தின் பெயர். அதுவும் ஆகஸ்டில் பெரும் இழப்புக்கு ஆளாகி, இரவுப் பணிக்கு மாற்றப்பட்டது. விமானம் மாறவில்லை, கேள்வி மாறிவிட்டது.

ஸ்பிட்ஃபயருக்கும் இவ்விதி பொருந்தும். வெற்றி முழக்கத்தோடு படம் முடிகிறது. ஆனால் 1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை ஜெர்மானிய விமானங்கள் இரவில் வந்து குண்டு பொழிந்தன. 40,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். இருளில் ஸ்பிட்ஃபயரால் அதிகம் செய்ய இயலவில்லை. விமானத்திலேயே ராடார் பொருத்திய இரட்டை எஞ்சின் விமானங்கள் வந்த பிறகுதான் நிலை சற்று மாறியது.

பிற்காலத்திலும் இதே கதைதான். 1960-இல் பணிக்கு வந்த 'லைட்னிங்' ஜெட் விமானம் மின்னலாக மேலேறும். ஆனால் நெடுந்தூரம் செல்லாது. எதிரி குண்டுவீச்சு விமானங்களைச் சில நிமிடங்களில் எட்டிப்பிடிப்பதே அதன் வேலை. அதே காலத்தில் வந்த சின்னஞ்சிறு 'நாட்' விமானத்தைப் பிரிட்டன் பயிற்சிக்கு மட்டுமே எடுத்துக்கொண்டது. மலிவான, சிறிய போர் விமானம் தேவைப்பட்ட இந்தியா அதையே பெங்களூரில் கட்டி, 1965 போரில் பயன்படுத்தியது. ஒரே விமானம் ஒரு நாட்டுக்குப் பயிற்சிப் பொருள். மற்றொரு நாட்டுக்குப் போர்க்கருவி. எது சிறந்த விமானம் என்று கேட்பவரிடம், எதற்கு என்று நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டும்.

மதிப்பீடு

1942-ஆம் ஆண்டுப் படத்துக்கு நியாயம் செய்வோம். போர் நடந்துகொண்டிருந்தபோது மக்களுக்கு ஊக்கமூட்ட எடுத்த படம் அது. ராடாரின் நுட்பங்கள் அப்போது இரகசியம். அவற்றைக் காட்டியிருக்க முடியாது. ஹோவர்டின் அடங்கிய நடிப்பும் வால்ட்டனின் இசையும் காலத்தை வென்றவை. ஒரு பொறியாளரைக் கதைத் தலைவனாக்க அன்று எத்தனை பேர் துணிந்தார்கள்?

இக்குறையில் ஒரு பகுதியை 1969-இல் வந்த 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' என்ற வண்ணப்படம் நீக்கியது. கை ஹாமில்டன் இயக்கிய அப்படத்தில் ராடார் நிலையமும் வரைபட மேசையும் இடம்பெறுகின்றன. லாரன்ஸ் ஒலிவியர் டவுடிங்காக நடித்தார். தனிமனிதரின் இடத்தில் அமைப்பு வந்தது நல்ல முன்னேற்றம். ஆனால் அந்த அமைப்பு எப்படிச் சிந்தித்து உருவாக்கப்பட்டது என்பது அதிலும் இல்லை. ஒரு வேடிக்கையும் உண்டு. அதில் ஜெர்மானிய விமானங்களாக நடித்தவை ஸ்பெயினில் கட்டப்பட்டவை. அவற்றில் இருந்தது பிரிட்டனின் அதே மெர்லின் எஞ்சின்! இரு தரப்பும் ஒரே குரலில் உறுமுவதைக் கூர்ந்து கேட்டால் உணரலாம்.

போர்க்கருவியைப் போற்றுவது என் நோக்கம் அன்று. 1940 ஜூலை முதல் அக்டோபர் வரை பிரிட்டனின் இப்படைப்பிரிவில் மட்டும் 544 விமான வீரர்கள் மாண்டார்கள். எதிர்த்தரப்பிலும் இளைஞர்களே மாண்டார்கள். ஆனால் அந்தக் கருவி எப்படி உருவாயிற்று என்று அறிவது, அறிவியல் எப்படி நடக்கிறது என்று அறிவதாகும். அது பலர் சேர்ந்து கேள்வியைத் திருத்தி, கணக்குப் போட்டு, தவறி, மீண்டும் போடும் வேலை. அதில் 13 வயதுச் சிறுமிக்கும் இடம் இருந்தது.

வாய்ப்புக் கிடைத்தால் படத்தை அவசியம் பாருங்கள். குன்றின்மேல் கடற்காகம் பறக்கும் காட்சியையும் ரசியுங்கள். பார்த்து முடித்ததும் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, எதிரி கடலைக் கடக்கும் அந்த 6 நிமிடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கணக்கிடுங்கள். மிட்செலும் அவருடைய கூட்டாளிகளும் செய்த வேலை அங்கேதான் தொடங்குகிறது.